அங்க அடையாளம்

மாசானம் தூங்கும்போது அவனுடைய இடது கை விரலைத் தொடக் கூடாது என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தொட்டுவிட்டாள்.

காலை பதினோரு மணி இருக்கும். ராத்திரி டூட்டி முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்திருந்தான். தகரக் கூரை காய ஆரம்பித்திருந்தது. எப்போதும் போல இடது ஆள்காட்டி விரலை வலது கைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தான். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. விரல்மேல் ஒரு கட்டெறும்பு ஏறியது. கடித்தால் எழுந்துவிடுவான், எழுந்தால் பிறகு தூங்க மாட்டான் என்று அவள் முந்தானை நுனியால் அதைத் தட்டிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. எழுவதற்கு முன்னால் கை வந்தது. அவள் போய்த் தண்ணீர் டிரம்மில் மோதினாள். டிரம்மின் விளிம்பு கீழுதட்டைக் கிழித்தது.

மாசானம் முழங்காலை மடக்கிச் சுவரோடு ஒட்டி நின்றான். கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. "ஹாதாத்," என்றான். மூச்சு வாங்கிற்று. மறுபடியும், "ஹாதாத்."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

பிறகு அவன் அவளைப் பார்த்தான். சேலையில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தான். வாளியில் தண்ணீர் மொண்டு, லைஃப்பாய்க் கட்டியை எடுத்து, தன் விரலைக் கழுவ உட்கார்ந்தான்.

அதற்குள் பக்கத்து ஒற்றை அறைக் கோலியிலிருந்து ஆவுடையம்மாள் வந்துவிட்டாள். மாசானத்தின் அக்கா. பதினைந்து வயதில் அவனை ஊரிலிருந்து பம்பாய்க்குக் கூட்டிவந்து வளர்த்தவள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏட்டி, தூங்குத மனுசன் பக்கத்துல உனக்கு என்ன சோலி?"

"எறும்பு மைனி."

"எறும்பு," என்றாள் ஆவுடையம்மாள். "அவன் இந்த மாதிரி கிடையாது. ஒரு பிள்ளைய அடிக்க மாட்டான். நீ வந்து நாலு வருசம் ஆவுது. என்னத்தையோ கொண்டாந்து வச்சிருக்கே."

செண்பகவல்லி உதட்டில் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள். பதில் சொல்வதற்கு வாய் வலித்தது.

மாசானம் ரயில் போலீஸில் சேர்ந்து ஏழு வருஷம். கார்ப்பரேஷன் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் மராட்டி படித்தவன். எழுத்து மணிமணியாக இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் அவனை லைன் கேஸ்களுக்குப் போட்டார்கள்.

லைனைக் கடக்கும்போது யாராவது ரயிலில் அடிபட்டால், ஒரு கான்ஸ்டபிளும் இரண்டு ஹமால்களும் போக வேண்டும். ஹமால்கள் தூக்குவார்கள். கான்ஸ்டபிள் எழுத வேண்டும். பேர் தெரிந்தால் பேர். தெரியாவிட்டால் அங்க அடையாளம்: வயது சுமார், நிறம், உயரம், உடுப்பு, பச்சை குத்தியிருக்கிறதா, தழும்பு உண்டா, கையில் என்ன, பையில் என்ன. நாளைக்கு ஒரு தாயோ பெண்டாட்டியோ தேடிக்கொண்டு வந்தால் அந்தக் காகிதத்தைப் படித்துத்தான் சொல்வார்கள். அதனால் நன்றாகப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் தள்ளி நின்று நாலு வரி எழுதிவிட்டுப் போனார்கள். மாசானம் குனிந்து பார்த்து எழுதினான். அதற்கப்புறம் போன் வந்தால் ஹவல்தார் சொல்வது ஒன்றுதான்: "மதறாசியை அனுப்பு. அவன் நல்லா எழுதுவான்."

மதறாசிகள் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று சுவர்களில் எழுதத் தொடங்கியிருந்த காலம். மாட்டேன் என்று சொல்ல மாசானத்தால் முடியாது.

முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை. பிறகு தூக்கத்தில் பேச ஆரம்பித்தான். எழுதினதையெல்லாம் படித்தான். காகிதத்தில் இருக்கிற மாதிரியே, மராட்டியில், நிறுத்தி நிறுத்தி, யாருக்கோ ஒப்பிக்கிற குரலில்.

தட்டி மறைத்த கோலிகள். பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது கடைத்தெரு இந்தி. சர்க்கார் மராட்டி அவளுக்குப் புரியாது. தம்பியின் வாயிலிருந்து வேறு ஒரு பாஷை, வேறு ஒரு குரல், நட்டநடுப் பகலில் வந்தது. அவள் பயந்துபோனாள். லைனில் செத்த மராட்டிக்காரி ஒருத்தி பேசுகிறாள் என்று முடிவு செய்தாள். தெரு முழுவதும் அதையே நம்பியது.

அது என்ன பேச்சு என்று புரிந்தவள் செண்பகவல்லி ஒருத்திதான். அவள் வளர்ந்தது செம்பூரில். அப்பா வீட்டைச் சுற்றி மராட்டிக் குடும்பங்கள். 'அங்காவர் ஹிர்வி சாடீ' என்றால் உடம்பில் பச்சைச் சேலை என்று அவளுக்குத் தெரியும். 'ஹாதாத்' என்றால் கையில். மைனியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பேய் இல்ல மைனி. அவுக டூட்டில எழுதுனதத்தான் சொல்லுதாவ."

"ஆமா, பேயி உங்கிட்ட வந்து, நான் பேயின்னு சொல்லும்," என்றாள் ஆவுடையம்மாள். "அது பேசுதது உனக்கு மட்டும் எப்படி வெளங்குது? அதை யோசிச்சியா?"

அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதையும் விளக்கவில்லை.

உதடு கிழிந்த அன்று சாயங்காலமே கோடாங்கி பூதத்தானைக் கூட்டிவந்தார்கள். பகலில் தோல் கிடங்கில் வேலை, வெள்ளி செவ்வாயில் குறி சொல்வது. மாசானம் டூட்டிக்குப் போயிருந்தான். ஆவுடையம்மாளின் புருஷன் பூலோகம், ஊர்க்காரர் சங்கத்தில் காரியக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி அடுப்புப் பக்கம் நின்றாள்.

பூதத்தான் உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தான்.

"மாசானத்தை அது தொடல," என்றான்.

"அதானே," என்றார் பூலோகம். "பேரே சாமி பேரு. சுடுகாட்டுக்குக் காவல் நிக்கித சாமி."

"அது ஒண்ணு. இன்னொண்ணு, பெல்ட்டுல சர்க்கார் முத்திரை இருக்கு. பூட்ஸ்ல இரும்பு லாடம் இருக்கு. அவம்மேல ஏற முடியாது. பின்னால வரும். வீட்டுக்குள்ள வந்து, யாரு லேசா இருக்காவளோ அங்கன ஏறிக்கிடும்." அவன் செண்பகவல்லியைப் பார்த்தான். "நீ எப்பமாச்சும் உச்சி வேளைல லைன் பக்கம் போனியாளா?"

"அவுக பகல் டூட்டி பாத்தப்பம் சோறு கொண்டு போனேன்."

"தலையில பூ?"

அவள் யோசித்தாள். "இருந்துது."

ஆவுடையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பூதத்தான் தலையை ஆட்டினான். எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. புருஷனுக்கு மத்தியானச் சோறு கொண்டு போனதும், தலையில் முல்லை வைத்திருந்ததும், நாலு வருஷமாகப் பிள்ளை இல்லாததும் ஒரே கயிற்றில் கோர்த்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை உச்சி வேளை என்று நாள் குறித்தார்கள். ஒரு சேவல், ஒரு பாட்டில் சாராயம், ஒரு ஆணி. பிரம்பால் அடித்துப் பேர் கேட்பது. பேர் சொன்னால் உச்சி முடியைச் சுருட்டி அறுத்து, லைன் ஓரத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்துவிடுவது. சொல்கிற வரைக்கும் அடி நிற்காது. போன வருஷம் ஒருத்திக்குச் சொல்ல இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவள் செத்துப்போன தன் தங்கச்சி பேரைச் சொன்னாள்.

"இதுக்கும் சரியாவலன்னா?" என்று கேட்டார் பூலோகம்.

"அவள அண்ணன் வீட்ல விட்டுட்டு, தம்பிக்கு வேற பாத்துர வேண்டியதுதான்," என்றாள் ஆவுடையம்மாள். செண்பகவல்லி அங்கேயே நின்றுகொண்டிருப்பதை அவள் மறந்துவிடவில்லை.

செம்பூரில் அண்ணன் வீட்டில் ஒரு அறையில் ஏழு பேர்.

மறுநாள் மாசானம் டூட்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை சங்கதி சொன்னாவளா?"

"அக்கா சொன்னா."

"எம்மேல ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சயான் பக்கமிருந்து ஒரு ரயில் போயிற்று. அலமாரித் தட்டில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுச் சத்தமிட்டன. சத்தம் நிற்கிற வரைக்கும் அவன் கை சோற்றில் அசையாமல் இருந்தது.

"ஒரு நாளு தானே," என்றான்.

அவள் குழம்புச் சட்டியை மூடினாள்.

"எங்கிட்டத்தான் கோளாறுன்னு ஆச்சுன்னா, ஸ்டேசனுக்குப் போயிரும் பேச்சு. மெடிக்கலுக்கு அனுப்புவான். பாகல், கிறுக்கன்னு எழுதிட்டான்னா வீட்டுக்குப் போ தான். வெளியே நாப்பது பேரு நிக்கான் இந்த வேலைக்கு." குரல் தணிந்தது. "உம்மேல வாங்கிக்க செம்பகம். பொம்பளைக்குன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ."

அவன் கெட்டவன் இல்லை. கல்யாணமான புதிதில் மாதுங்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஒரு சீப்பு வாங்க ஒரு மணி நேரம் நின்றவன். அதனால்தான் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்க நேரம் பிடித்தது. தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் இறங்கியது.

அன்று நாலு மணிக்கு அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். தலையில் பூ இல்லை.

பிளாட்பாரக் கடைசியில் ஹமால்கள் உட்காரும் பெஞ்சில் நாகூர் மீரான் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர். மாசானத்தோடு தூக்கப் போகிறவர். அவளைப் பார்த்ததும் பீடியைப் போட்டு மிதித்தார்.

"என்ன தங்கச்சி, மாசானத்துக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவுக தூக்கத்துல எல்லாத்தையும் முழுசாச் சொல்லுதாவ. ஒரு பிள்ளைய மட்டும் சொல்லி முடிக்க மாட்டேங்காவ. ஆறு வயசு. நீலப் பாவாடை. கையிலங்கிறதோட நிப்பாட்டிருதாவ."

மீரான் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"போன ஆவணில," என்றார். "தாயும் மவளுமாக் கடந்தாங்க. தாய் அந்தப் பக்கம் போயிட்டா. புள்ள செருப்பு எடுக்கத் திரும்பிச்சு."

"கையில என்ன இருந்துது?"

"எனக்குத் தெரியாது. நான் டோலி எடுக்க ஓடுனேன். திரும்பி வந்தப்ப அவன் கீழ உக்காந்திருக்கான், புள்ளய மடியில வச்சிக்கிட்டு. தூக்குறதுக்கு என்னைய விடல. அவனே தூக்குனான். கான்ஸ்டபிள் தொடுறது கெடையாது. எழுதத்தான் செய்வாங்க." மிதித்த பீடியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். "எங்களுக்குத் தூக்குனா ஆளுக்குக் கால் பாட்டில் குடுப்பாங்க தங்கச்சி. நான் குடிக்கிறதில்ல, வித்துருவேன். இருந்தாலும் தூக்குறவனுக்கு என்னமோ வேணும்னு ஒருத்தனுக்குத் தோணியிருக்கு பாத்தியா. எழுதுறவனுக்கு என்ன குடுக்குறாங்க? ஒண்ணும் கெடையாது. மைதான்."

"இதுக்கு வைத்தியம் இருக்கா அண்ணே?"

"பெரிய ஆஸ்பத்திரியில திங்கக்கிழமை மனசுக்குப் பாக்குற ஒரு டாக்டர் வாராரு. எஞ்சின் ஓட்டுற ஒருத்தரு போனாரு. சொல்லிக்கிட்டுப் போவல. நான்தான் கூட்டிட்டுப் போனேன்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "ஆனா இவன் வர மாட்டான். ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை.

கோலிகளுக்குப் பின்னால் தோல் காயப்போடும் திடலில் கூட்டம் சேர்ந்தது. மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்கள், பீடி சுற்றும் பெண்கள், சும்மா வந்தவர்கள், நாற்பது ஐம்பது பேர். சேவலைக் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். செங்கல்மேல் மஞ்சள் பூசிய ஆணி இருந்தது. சாண் நீளம். பக்கத்தில் ஒரு சுத்தியல்.

செண்பகவல்லியைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரச் சேலையோடு உட்காரவைத்தார்கள். பூதத்தான் அவள் உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிரித்து முடிச்சுப் போட்டான். எதிரே ஒரு நாற்காலியில் மாசானம். அக்கா அவனை வரச் சொல்லியிருந்தாள். வந்திருந்தான். இடது விரல் வலது கைக்குள் இருந்தது.

உடுக்கை அடித்தது. பூதத்தான் பாடினான், கேட்டான், அதட்டினான்.

"பேரு என்ன? எங்கேருந்து வந்தே?"

அவள் தரையைப் பார்த்தாள். பிரம்பு தோளில் விழுந்தது.

"பேரு சொல்லு."

இரண்டாவது அடி அதே இடத்தில் விழுந்தது. ஈரச் சேலையில் பிரம்பு விழுந்தால் சத்தம் பெரிதாக இருக்கும்.

"சொல்லிருளா," என்றாள் ஒரு கிழவி, பரிவோடுதான். "எதையாச்சும் சொல்லிட்டுப் போயேன்."

மூன்றாவது அடியில் அவள் மாசானத்தைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான்.

அப்போது அவள் பேச ஆரம்பித்தாள். மராட்டியில். நிறுத்தி நிறுத்தி, அவன் சொல்கிற மாதிரியே.

கூட்டம் ஒரு அடி பின்னால் போயிற்று. பூதத்தான் பிரம்பைத் தாழ்த்தினான். முகத்தில் திருப்தி தெரிந்தது. "கேட்டியளா," என்றான். "அதே பாஷை."

"தமிழ்லயும் சொல்லுதேன்," என்றாள் செண்பகவல்லி. அது அவளுடைய சொந்தக் குரல். உயரவில்லை. "பொம்பளை. வயசு சுமார் முப்பது. மாநிறம். பச்சைச் சேலை. இடது புருவத்துல தழும்பு. கையில கண்ணாடி வளையலு, ஏழு. பேரு தெரியாது."

"பேரு தெரியாதா?" என்றான் பூதத்தான்.

"ஆம்பளை. சுமார் அம்பது. வெள்ளைச் சட்டை. முன்பல்லு ரெண்டு இல்ல. கையில டிபன் டப்பா. மூடி தொறக்கல. பேரு தெரியாது. கெழவரு. வலது காலு கெடைக்கல. கையில ஒண்ணும் இல்ல. பேரு தெரியாது."

"எத்தனை பேருளா உள்ள இருக்கிய?"

"நூத்துக்கு மேல."

யாரோ ஒரு பெண் கூட்டத்தை விட்டு வெளியே போனாள். மாசானம் கண்ணைத் திறந்திருந்தான். நாற்காலியின் கால் தரையில் உரசிற்று.

"பொம்பளப் பிள்ளை," என்றாள் செண்பகவல்லி. "வயசு சுமார் ஆறு. கறுப்பு. நீலப் பாவாடை. ரெட்டைச் சடை, ஒத்தை ரிப்பன். ஒரு கால்ல செருப்பு இல்ல. கையில."

நிறுத்தினாள். பூதத்தான் காத்திருந்தான். பிறகு பிரம்பை ஓங்கினான்.

"கையில என்ன? சொல்லு."

"எனக்குத் தெரியாது. அவுகளுக்குத்தான் தெரியும்." அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கையில."

பிரம்பு முழங்கையில் இறங்கியது. அவள் கண்ணை எடுக்கவில்லை. "கையில," என்றாள் மறுபடியும்.

"என் வெரலு," என்றான் மாசானம்.

பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

"என் வெரலைப் பிடிச்சிக்கிட்டுது. உயிரு இருந்திச்சு. மீரான் டோலி எடுத்துட்டு வார வரைக்கும் பிடிச்சிருந்திச்சு. அப்புறமும் விடல. ஒண்ணொண்ணா நான்தான் பிரிச்சேன்." அவன் தன் கையைத் திறந்து காட்டினான். விரலில் சோப்புப் போட்டுப் போட்டுத் தோல் வெளுத்து வெடித்திருந்தது. "பிரிச்சிட்டு எழுதுனேன். பாக்கும்போதே செத்துக் கெடந்துதுன்னு எழுதுனேன். அப்படித்தான் எழுதச் சொல்லுவாவ. கையில ஒண்ணும் இல்லன்னு எழுதுனேன்."

அவன் அழுதான். அந்தத் தெருவில் ஆண்கள் குடித்தால் அழுவார்கள். பட்டப்பகலில், குடிக்காமல், ஒரு போலீஸ்காரன் அழுவதை யாரும் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஆவுடையம்மாளுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"பாத்தியளா. இவகிட்டேருந்து தாவி அவன் மேல ஏறிட்டு."

பூதத்தானும் அதைப் பிடித்துக்கொண்டான். "ஆமா. தாவிட்டு."

செண்பகவல்லி எழுந்து நின்றாள். உச்சியில் போட்ட முடிச்சை அவிழ்த்தாள்.

"அப்பம் அங்க எடுங்க முடிய," என்றாள்.

எல்லாரும் மாசானத்தின் தலையைப் பார்த்தார்கள். போலீஸ் கிராப்பு. முந்தாநாள்தான் வெட்டியது. கையால் பிடிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

"ஆம்பளைக்கு அப்படிச் செய்யுத வழக்கம் கெடையாது," என்றான் பூதத்தான்.

"பெரம்பாவது வைக்கலாம்லா?"

அவன் பிரம்பைப் பார்த்தான். சர்க்கார் ஆளை அடிப்பதா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "அடியும் கோடாங்கி. அடிச்சிட்டு நேரா லாக்கப்புக்குப் போரும்." பூலோகம் திரும்பி முறைத்தார். ஆனால் சிரிப்பு நாலைந்து பேருக்குப் பரவிவிட்டது. அதற்குமேல் உடுக்கை அடிக்க முடியவில்லை. பூதத்தான் சேவலையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டான். மிச்சத்தைச் சாயங்காலம் மரத்தடியில் தனியாகச் செய்துகொள்வதாகப் பூலோகத்திடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஆணி செங்கல்மேலேயே கிடந்தது. செண்பகவல்லி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மாசானத்தைக் கையைப் பிடித்து எழுப்பினாள். இடது கையை. அவன் உதறவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ஜன்னலில் வரிசை நீளமாக இருந்தது. மாசானம் யூனிஃபார்ம் போடாமல் வந்திருந்தான். இரண்டு தடவை வரிசையை விட்டு வெளியே போய் வாசல்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜன்னலுக்குள் இருந்த கிளார்க் அவளுடைய உதட்டையும், கையில் பிரம்பு விழுந்த தடத்தையும் பார்த்தான். கேஸ் பேப்பரை எடுத்து, "பேர் சொல்லு பாயி," என்றான் அவளிடம், மராட்டியில்.

"எனக்கில்லை," என்றாள். "அவருக்கு."

கிளார்க் மாசானத்தைப் பார்த்தான். மாசானம் வாசலைப் பார்த்தான். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. அவள் அவனுக்குப் பதிலாகப் பேர் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

"மாசானம்," என்றான்.

"வயது?"

"சுமார் முப்பத்திரண்டு."

கிளார்க் பேனாவை நிறுத்தினான். "சுமாரா? உன் வயது உனக்கே தெரியாதா?"

மாசானம் தன் விரலைப் பார்த்தான். கிளார்க் முப்பத்திரண்டு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான்.

ஒரு தடவையில் ஒன்றும் ஆகிவிடவில்லை. பதினாலு திங்கட்கிழமை போனார்கள். மாத்திரையில் கொஞ்சம் தூங்கினான். டாக்டரிடம் பேசிவிட்டு வருகிற அன்று தூங்கவே மாட்டான். சங்கதி ஸ்டேஷனுக்கு எட்டியது. வேலை போகவில்லை. லைனிலிருந்து எடுத்துப் பார்சல் கிடங்குக் கேட்டில் நிற்க வைத்தார்கள். வருகிற வருஷம் வர வேண்டிய பதவி உயர்வுப் பட்டை வேறொருவனுக்குப் போயிற்று. கூட இருந்தவர்கள் 'பாகல்' என்று கூப்பிட்டார்கள், முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு நேராகவே. அவன் இன்னமும் சில நாள் விரலைக் கழுவுகிறான். ஆனால் 'ஹாதாத்' என்று நிற்பதில்லை. முழுசாகச் சொல்கிறான். சொல்லிவிட்டு விழித்து, "சொன்னேனா?" என்று கேட்கிறான். அவள் ஆமாம் என்கிறாள்.

தெருவில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. பூதத்தான் புளியமரத்தில் அன்று சாயங்காலமே ஆணி அடித்துவிட்டதாகவும், அதிலிருந்து மாசானத்துக்குக் குணம் என்றும் ஆவுடையம்மாள் எல்லாரிடமும் சொன்னாள். பூதத்தானுக்கு அந்த மாதத்தில் மட்டும் மூன்று வீட்டில் அழைப்பு. மூன்றும் பெண்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் நாலாம் வரிசை அன்னத்தாய் வந்தாள். மருமகளையும் கூட்டி வந்திருந்தாள். பதினெட்டு வயது இருக்கும். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அன்னத்தாயின் மகன் தீயணைப்பு வண்டியில் வேலை பார்க்கிறான். குடோன் ஒன்று எரிந்ததிலிருந்து வீட்டில் விளக்கு ஏற்றினால் பாத்திரத்தை எடுத்து எறிகிறானாம்.

"வெள்ளிக்கிழமை கோடாங்கி வாரான்," என்றாள் அன்னத்தாய். "உனக்கு அடிச்ச ஆணி எந்த மரத்துலளா? அதே மரம்னா நல்லதுங்காவ."

செண்பகவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வழியை விட்டு விலகி நின்றாள்.

"உள்ள வாங்க. காட்டுதேன்."

அடுப்புக்கு மேலே, பலகைச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில் அந்த ஆணி அடித்திருந்தது. மஞ்சள் போய்ப் புகை ஏறியிருந்தது. அதில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பேர்.

அன்னத்தாய் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். மருமகள் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு ஜன்னல் தொறப்பாவ," என்றாள் செண்பகவல்லி. "நான் கூட வாரேன். இவ வேண்டாம். உங்க மகனைக் கூட்டிட்டு வாங்க."